ஓய்வு பெற்ற கார் கம்பெனி அதிகாரியின் கடிதங்களைப் பாதுகாத்து என்ன ஆகப் போகிறது?

அரசியலில் இறங்கிய ஒரு மாஜி கார் கம்பெனி அதிகாரியின் சொந்தக் கடிதங்களை நூலகத்தில் வைத்துக் காப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் கடிதக் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு வருந்துகிறவன் நான். அதனால் என் பதில் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஜான் ராஸ்கோப் என்று ஒருவர். ஜெனரல் மோட்டார்ஸின் நிதியைப் பார்த்துக்கொண்டவர். 1928-ல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார், கம்பெனிப் பதவியை விட்டார். அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் ஆதரித்த கட்சி வேட்பாளர் ஆல் ஸ்மித், குடியரசுக் கட்சியின் ஹூவரிடம் தோற்றார். (1931-ல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பின்னணியில் இருந்ததும் இவர்தான்.) அவருடைய காகிதங்கள் டெலவேரில், பழைய டூபாண்ட் வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் உள்ள ஹேக்லி நூலகத்தில் இருக்கின்றன.

சரி, அவருக்கு என்ன மாதிரிக் கடிதங்கள் வந்தன? டூபாண்ட் கம்பெனியில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற கார்பென்டர் என்பவர் 1934 மார்ச்சில் புலம்பி எழுதுகிறார். தென் கரோலினாவில் உள்ள தன் இடத்தில் ஐந்து கறுப்பினத்தவர்கள் வேலைக்கு வர மறுத்துவிட்டார்களாம். அரசாங்கத்தில் சுலபமான வேலை கிடைத்துவிட்டதாம். படகு வீட்டுச் சமையல்காரரும் போய்விட்டார். மணிக்கு ஒரு டாலருக்கு பெயின்ட் அடிக்கும் அரசாங்க வேலை! வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கமே வேலை கொடுத்த, அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் மீதான கோபம்தான் இது.

ராஸ்கோப் எழுதிய பதிலின் சாரம்: நீங்கள் ஓய்வில்தானே இருக்கிறீர்கள், டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களைச் சேர்த்து ஓர் அமைப்பு தொடங்க முன்னின்று பாருங்களேன். அதே ஆண்டு ஆகஸ்டில், ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை எதிர்க்கும் 'அமெரிக்கன் லிபர்டி லீக்' பிறந்தது. வெளியே அது சொன்ன நோக்கம், அரசியல் சட்டத்தைக் காப்பது. அந்த அறிக்கையை மட்டும் படித்தால் சமையல்காரர் எங்கே தெரிவார்?

ஆயுத வியாபாரத்தை விசாரித்த செனட் குழு டிசம்பரில் இந்தக் கடிதங்களை வெளியே கொண்டுவந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, 'பணக்காரர்களின் சங்கம்' என்ற பெயர் லீக்கை விட்டுப் போகவே இல்லை. 1936 தேர்தலில் 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்கே போயின.