ஏசி போட்டதும் காருக்குள் நாற்றமா? கேஸ் மாற்றினால் போகாது

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு ஆறு வயது. இரண்டு மாதமாகக் காலையில் ஏசி போட்டதும் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு நாற்றம். ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடுகிறது, மழை நாளில் அதிகம். மெக்கானிக் ஏசி கேஸ் மாற்றச் சொன்னார், மாற்றியும் போகவில்லை. பெர்ஃப்யூம் வைத்தேன், இப்போது இரண்டும் கலந்து தலைவலிதான் மிச்சம். எங்கே பார்ப்பது? – தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதல் வேலையாக அந்த பெர்ஃப்யூமை எடுத்து வெளியே வையுங்கள். அது இருக்கும்வரை உங்கள் மூக்கையும் நம்ப முடியாது, மெக்கானிக்கின் மூக்கையும் நம்ப முடியாது. கேஸுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, அதற்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கூலிங் நன்றாக இருந்தால் கேஸ் பக்கம் போகவே தேவையில்லை.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று சீட்டுக்கடியில் டார்ச் அடிப்பதற்கு முன்னால், அது எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. நீங்கள் அதை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். ஏசி போட்டதும் வருகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்குகிறது, மழைக்கு ஏறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் கூலிங் காயில்தான்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்தக் காயில் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஐஸ்வாட்டர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது போல, ஏசி ஓடும்போது காயில் மேல் தண்ணீர் கோத்துக்கொண்டு, கீழே ஒரு ரப்பர் பைப் வழியாகத் தரையில் சொட்டும். வண்டியை நிறுத்தியதும் என்ன ஆகும்? காயில் ஈரத்தோடு, இருட்டில், மேலே படிந்த தூசியோடு ராத்திரி முழுக்கக் கிடக்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? காலையில் ப்ளோயர் போட்டதும் முதல் காற்று அந்த வாடையை வாரிக்கொண்டு உங்கள் முகத்தில் அடிக்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கும், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டியிருக்காது. சில பழைய மாடல்களில் ஃபில்டரே போடாமல் வெறும் மூடி மட்டும் இருக்கும், அதனால் "உங்கள் வண்டிக்கு ஃபில்டர் மாற்றியாச்சு" என்று யாராவது சொன்னால் பழையதைக் காட்டச் சொல்லுங்கள். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற வண்டியென்றால் காய்ந்த பூவும் இலையும் ஒரு கைப்பிடி கிடைக்கும். ஊதிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், சில நூறு ரூபாய்தான், புதிது போடுங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை மாதிரியான பகுதியில் சேர்ந்த குப்பையையும் வாரி எடுங்கள், வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

அடுத்தது சொட்டுச் சோதனை. காரைத் திறந்த இடத்தில் நிறுத்தி ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, குனிந்து, இன்ஜினுக்குப் பின்னால், இடதுபக்க முன் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் சின்னக் குட்டையே தேங்கியிருக்க வேண்டும். சொட்டவே இல்லையென்றால் டிரெய்ன் பைப் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளேதான் இறங்குகிறது. கால் வைக்கும் ஃப்ளோர் மேட்டைத் தூக்கிவிட்டு, இடதுபக்க முன் கார்ப்பெட்டின் மேல் பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, குதிகாலால் ஒரு நிமிடம் அழுத்தி எடுத்துப் பாருங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் உள்ள ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி குடித்து வைத்திருக்கும். அப்படி இருந்தால் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, இரண்டு நாளாவது நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். மேலே பவுடர் தூவி ஒன்றும் ஆகாது.

பைப் அடைப்பைக் கீழேயிருந்து மெதுவாகக் காற்று விட்டு எடுக்கலாம். சில பட்டறைகளில் சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்துவார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஆழமாகப் போய்க் காயிலில் ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் மாற்ற வேண்டி வரும்.

இதற்கப்புறமும் வாடை இருந்தால் காயிலுக்கென்றே விற்கும் ஃபோம் ஸ்ப்ரேயை அடித்துக் கழுவச் சொல்லுங்கள். டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால் வேறு இடம் பாருங்கள், ஒருமுறை இறக்கி ஏற்றிய டேஷ்போர்டு பிறகு கடகடவென்று சத்தம் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்துவிட்டு, வெளிக்காற்று வரும்படி ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள், காயில் ஓரளவு காய்ந்துவிடும். இந்தப் பழக்கம் இல்லாமல் ஸ்ப்ரே மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் திரும்பி வரும்.

ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் நாறினால் கதை வேறு. ஒருவர் காரில் புளிச்ச வாடை, வெயிலில் நிறுத்தினால் ஆளை விரட்டும். ஏசியை இரண்டு முறை சுத்தம் செய்திருந்தார்கள். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, ஒவ்வொரு கதவாகத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன், இடதுபக்கப் பின்கதவில்தான் அதிகம். முன் சீட்டைத் தள்ளினால், சீட் ஓடும் தண்டவாளத்துக்குள் இட்லி மாவு பாக்கெட் கசிந்து காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கிறது! பாலும் இப்படித்தான், தண்ணீர் விட்டுத் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும். அதற்கு என்ஸைம் கலந்த கிளீனர் போட்டு ஊறவிட வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னிக்கடியில் மழைத்தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

உங்களுக்கு இல்லையென்றாலும் சில வாடைகளைச் சொல்லிவிடுகிறேன், இவற்றில் காத்திருக்கக் கூடாது. பெட்ரோல் வாடையோ பிளாஸ்டிக் கருகும் வாடையோ வந்தால் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். சைலன்சர் புகை உள்ளே வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு நிறுத்துங்கள், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது. லேசான தித்திப்பு வாடையும் கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் படலமும் என்றால் ஹீட்டர் வழியாகக் கூலன்ட் கசிகிறது. அழுகிய முட்டை வாடை பானெட் பக்கம் வந்தால் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகலாம், பக்கத்தில் நெருப்பு கூடாது, இன்ஜின் ஓடும்போது 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மலையேறும்போது வரும் கருகல் பெரும்பாலும் கிளட்ச்தான், பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டியிருப்பீர்கள்.

உங்கள் வண்டியில் ஃபில்டரை உருவும்போது உள்ளே பஞ்சும் கறுப்பாக அரிசி அளவில் புழுக்கையும் கிடந்தால் எலி குடியிருந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, பெருக்காமல், கிருமிநாசினி தெளித்து ஈரத்தோடு துடைத்தெடுங்கள். அன்றைக்கே பானெட்டைத் திறந்து வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.