காயம் ஆறிய பிறகும்: காவலர் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கணவர் தலைமைக் காவலர். ஊர்வலப் பந்தோபஸ்தின்போது கல்வீச்சில் அடிபட்டு, தலையில் தையல் போட்டார்கள். காயம் ஆறி, மூன்று மாதங்களாகப் பணிக்குப் போய்வருகிறார். ஆனால் இரவில் தூக்கமே இல்லை. குக்கர் விசில் அடித்தாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறார், மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். மறுநாள் பந்தோபஸ்து என்றால் முந்தின இரவே குடிக்கத் தொடங்கிவிடுகிறார். மருத்துவரிடம் போகலாம் என்றால், “எனக்குப் பைத்தியக்காரன் என்று ஸ்டேஷனில் பேர் வாங்கித் தரப் பார்க்கிறாயா?” என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கணவரிடம் நீங்கள் காண்பது திமிரும் அல்ல, குடும்பத்தின் மீதுள்ள வெறுப்பும் அல்ல. உயிருக்கு ஆபத்தான நிகழ்விலிருந்து தப்பியவர்களுக்குத் தூக்கமின்மை, சிறு ஒலிக்கும் பதறுதல், கோபம், அந்த நிகழ்வை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் ஆகியவை வருவதுண்டு. பலருக்கு இவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்தைக் கடந்தும் நீடித்து, வேலையையும் வீட்டையும் பாதிக்குமானால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயாக (PTSD) இருக்கலாம் என்று கருதிப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். தலையில் அடிபட்டதன் பின்விளைவாகவும் எரிச்சலும் தூக்கக் குறைவும் வரக்கூடும் என்பதால், நரம்பியல் மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இந்நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. பயிற்சி பெற்ற உளவியலாளர் சில மாதங்களுக்கு வாரம் ஒருமுறை தரும் பேச்சு சிகிச்சையே முதன்மையானது. தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். மது அந்த நேரத்துக்குக் கண்ணை மூட வைத்தாலும், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துப் பதற்றத்தைக் கூட்டிவிடும்.

அவருடைய அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும்படி கேட்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. நேரில் போகத் தயங்கினால், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். தமிழ்நாடு காவல்துறை பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுடன் இணைந்து காவலர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மனநலப் பயிற்சி நடத்தியிருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தம் துறையே ஒப்புக்கொண்ட பிரச்சினை இது என்று தெரிந்தால் அவருடைய தயக்கம் ஓரளவு குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மனம் சரியில்லை என்று அவர் விடுப்பு எழுதிக் கொடுக்காமல் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அனுமதியின்றி இருபத்தொரு நாள் பணிக்கு வராத காவலர் ‘விட்டோடி’, அதாவது பணியை விட்டு ஓடியவர், என அறிவிக்கப்படுவதும், நோயாளியாக இருந்தவர் ஒரே மாதத்தில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையுடன் நிற்பதும் இங்கே நடக்கின்றன. மருத்துவச் சான்றைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சாவைப் பற்றி அவர் பேசினால், “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அப்போது அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் துப்பாக்கிப் பொறுப்பு இருந்தால், நம்பிக்கைக்குரிய அதிகாரியிடம் சொல்லி அதை மாற்றச் செய்யுங்கள்.

கேள்வி: காவல்துறையின் ஆயுதப்படையில் பணியாற்றும் என் தந்தை பணியின்போது நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் கௌரவம்” என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்ட அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்கிறது. பழைய பணிக்குத் தகுதியில்லாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். இதே கருத்துடைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், காலை இழந்த மத்தியப் படைக் காவலர் ஒருவருக்கு 2003இல் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியிருக்கிறது. இச்சட்டத்திலிருந்து குறிப்பிட்ட பணிகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. எனவே தந்தையின் பதவிக்கு அத்தகைய அறிவிக்கை உள்ளதா என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெற்று, பணிச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணியில் ஏற்பட்ட காயத்துக்கென அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் சிறப்பு இயலாமை விடுப்பு இருக்கிறது. அது பொதுவாக அவருடைய விடுப்புக் கணக்கில் கழிக்கப்படாது என்பதால் முதலில் அதைக் கோருங்கள்.

1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் வீழ்ந்த காவலர்களின் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 அன்று வீரவணக்கம் செலுத்துகிறோம், அது முறையானது. ஆனால் உங்கள் தந்தையைப் போல உயிரோடு திரும்பியவர்களைக் கௌரவத்தின் பெயரால் வெளியே அனுப்புவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

கேள்வி: விபத்தில் இறந்த ஒரு குழந்தையின் உடலைத் தூக்கி வந்ததிலிருந்து, என் நிலையத்து இளம் காவலர் ஒருவர் யாருடனும் பேசுவதில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லலாமா?
– உதவி ஆய்வாளர் ஒருவர்

பதில்: வேண்டாம். உடனடியாகக் கூட்டி உட்காரவைத்து விவரிக்கச் செய்வதால் பயனில்லை என்றும், சிலருக்கு அது கேடு செய்யலாம் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. சில நாட்களுக்கு அவரைப் பிரேத விசாரணைப் பணிக்கும் இரவுப் பாராவுக்கும் அனுப்பாதீர்கள். வார ஓய்வைத் தவறாமல் கொடுங்கள். தனியாக ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, “தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா?” என்று மட்டும் கேளுங்கள். பேச வந்தால் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்தும் இதே நிலை என்றால் நீங்களே உடன் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.