அப்பாவின் ரெக்கார்டுகள்: வைப்பதா, விற்பதா?

பழைய இசைத்தட்டுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்குச் சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒரே ரகம்: வீட்டில் ரெக்கார்டு கிடக்கிறது, என்ன செய்வது? முடிந்தவரை பதில் சொல்கிறேன். நான் சேகரிப்பவன், அவ்வப்போது விற்பவனும்கூட. கடை வைத்திருப்பவன் அல்ல.

தெம்பனிஸிலிருந்து: அப்பா தவறிவிட்டார். 300 எல்.பி., அதாவது பல பாட்டுகள் அடங்கிய பெரிய இசைத்தட்டுகள், விட்டுப் போயிருக்கிறார். அம்மா ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை ஃபிளெக்சி என்கிற சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு மாறுகிறார். மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும் அண்ணா?

300ஐயும் ஒரே பொருளாகப் பார்ப்பதால்தான் உங்களுக்குள் இந்தச் சண்டை. தட்டுகளை ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள் தங்கச்சி. சில பளபளவென்று இருக்கும். சில சாம்பல் பூத்தாற்போல மங்கியிருக்கும். மங்கியவற்றின் லேபிளில் நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் கிடக்கும். தட்டைப் பிளேயரில் வைக்கும்போது நடுக்கம்பி உரசிய தடம் அது.

மங்கியவைதான் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டவை. ரேடியோவும் பிளேயரும் ஒன்றாக இருந்த அந்தக் கால ரேடியோகிராமின் ஊசி ஐந்தாறு கிராம் எடையோடு தட்டில் அழுந்தும். இன்றைய நல்ல ஊசிக்கு 2 கிராம் போதும். ஆசையாகக் கேட்கக் கேட்க அந்தத் தட்டுகள் தேய்ந்துபோயின. சந்தையில் அவற்றுக்கு அநேகமாக விலையே இல்லை. பளபளப்பவை யாராவது பரிசாகக் கொடுத்தவையாக இருக்கும், அல்லது ஒரே ஒரு பாட்டுக்காக வாங்கி அப்புறம் தொடாதவை. வாங்க வருகிறவர் தேடுவது இவற்றைத்தான். எதை வைப்பது, எதை விற்பது என்று அப்பாவே பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் மங்கியதை வைத்துக்கொள்ளுங்கள். தம்பி பளபளப்பை விற்கட்டும்.

இடத்துக்கும் கணக்கு உண்டு. உறையோடு ஓர் எல்.பி. கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 300 என்றால் ஏறக்குறைய 70 கிலோ. ஐக்கியாவின் கட்டம் கட்டமான அலமாரியில் ஒரு கட்டத்துக்கு அறுபது எழுபது தட்டு நிற்கும். அம்மாவின் புது வீட்டில் ஒரு கட்டம் கேட்டு வாங்குங்கள். எதை அங்கே வைப்பது என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத பாட்டைச் சொல்வார்.

தம்பிக்கு ஒன்று. மொத்தமாக விலை பேசுகிறவர் பெட்டியைப் புரட்டும்போதே நல்ல பத்தைக் கண்ணால் எடுத்துவிடுவார். அவர் காசு கொடுப்பது அந்தப் பத்துக்குத்தான்.

ஈசூனிலிருந்து: எம்.எஸ். அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. இருக்கிறது. பாட்டி வாங்கியது. நல்ல விலை போகும் என்கிறார்கள்.

போகாது. 1963இல் வந்த தட்டு அது. அதன்பின் மறுபடி மறுபடி அச்சடித்தார்கள், தென்னிந்தியர் வீடுகளில் அது இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும். தட்டின் வயதைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது, இவ்வளவுதான். பாட்டி தட்டைப் பூஜை அலமாரியிலேயே வையுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: சிங்கப்பூரில் எடுத்த 'ப்ரியா', 'நினைத்தாலே இனிக்கும்' இரண்டு ரெக்கார்டும் என்னிடம் உண்டு. இவற்றுக்குத் தனி மதிப்பு இருக்கிறதா அங்கிள்?

1978, 1979 படங்கள். ஒன்று இளையராஜா, மற்றொன்று எம்.எஸ்.வி. இங்கே வாங்குபவர்களுக்கு இவற்றின் மேல் ஒரு தனி ஆசை உண்டு, பாதிப் பேர் மாட்டி வைக்க உறைக்காகவே கேட்பார்கள். உறை கிழியாமல் இருந்தால் வழக்கமான விலையைப்போல இரண்டு மடங்கு கேட்டுப் பாருங்கள். அவசரமாகப் பணம் தேவை இல்லையென்றால் நான் விற்க மாட்டேன்.

இளையராஜா பேச்சு வந்ததால் இன்னொன்று. 1976இலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை வந்த அவருடைய தட்டுகள் ஓரளவு சுலபமாகக் கிடைக்கும். எண்பதுகளின் கடைசியில் எல்லாரும் கேசட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது எல்.பி. குறைவாகத்தான் அச்சானது. அதனால் பிந்திய தட்டுக்குத்தான் போட்டி அதிகம். 'இது ரொம்பப் பழசு இல்லையே' என்று ஒதுக்கி வைத்த தட்டுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

பொங்கோலிலிருந்து: மாமனாரின் தட்டுகளை வீட்டுக் காப்பறையில், அதாவது ஆபத்துக் காலத்தில் ஒதுங்கும் பாதுகாப்பு அறையில், வைத்திருந்தோம். இப்போது உறை முழுக்க வெள்ளைப் புள்ளி. போச்சா?

நம் ஊரில் அதிகம் பேர் செய்வது இதுதான். இரும்புக் கதவு, தடித்த சுவர், ஜன்னல் கிடையாது. பத்திரமான இடம் என்று தோன்றும். பூஞ்சைக்கும் அப்படித்தான் தோன்றும். இங்கே காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள் 80 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், காற்றோட்டம் இல்லாத அறையில் அட்டை உறை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

தட்டு போகவில்லை, பயப்படாதீர்கள். பூஞ்சை உறையைத் தின்னும், பிளாஸ்டிக் தட்டின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் இல்லாமல் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உலர்ந்த துணியால் உறையைத் துடையுங்கள். உள்ளே இருக்கும் பழைய தாள் உறைகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அவற்றைக் காப்பாற்ற முடியாது. தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து, பள்ளம் போகும் திசையிலேயே மென்துணியால் வட்டமாகத் துடைக்கலாம். லேபிள் நனையக் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், தட்டு வளைந்துவிடும்.

புது உறை வாங்கும்போது, தொட்டால் ஒட்டுகிற மெத்தென்ற பிவிசி வேண்டாம். நாளாக நாளாகத் தட்டின் மேல் மூட்டம் போட்டாற்போல ஒரு கறையை விட்டுவிடும், துடைத்தாலும் போகாது. பாலித்தீன் உறை போதும். கேமராவுக்கு வைக்கிற மின்சார உலர்பெட்டி பெரிய அளவில் கிடைக்கிறது. 45, 50 சதவீதத்தில் வைத்தால் கவலை இல்லை. அதன் விலையைப் பார்த்துவிட்டு எத்தனை தட்டை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் வைத்திருக்க ஆசைப்பட்டு எதையும் காய்ந்த இடத்தில் வைக்காதவர்களிடம்தான் பூஞ்சை குடியேறுகிறது.

காமன்வெல்த்திலிருந்து: தாத்தாவின் கனமான கறுப்புத் தட்டுகள் இருக்கின்றன, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். பெட்டி மாதிரி இருக்கும் புது பிளேயரில் போடலாமா?

வேண்டாம். அவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுகள். ஷெல்லாக் என்ற அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் சுக்குநூறு. 78 வேகம் இல்லாத பிளேயர்களும் உண்டு. வேகம் இருந்தாலும் எல்.பி. ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் போய் உரசும், தனி ஊசி மாட்ட வேண்டும். மேலே சொன்ன ஆல்கஹாலை இவற்றின் பக்கம் கொண்டு போகாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.

வாங்குவோர் மிகக் குறைவு, ஆனால் தேடுபவர் வெறியோடு தேடுவார். தாத்தா பெட்டியில் பாகவதரோ கிட்டப்பாவோ இருந்தால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். கிட்டப்பா 1933இலேயே இறந்துவிட்டார், அவர் குரல் நமக்கு வந்து சேர்ந்ததே இந்த மாதிரித் தட்டுகள் வழியாகத்தான்.

ஜூரோங்கிலிருந்து: எங்கே விற்பது? முன்பு சுங்கை ரோட்டில் போட்டால் போகும் என்பார்கள்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையோடு முடிந்தது தம்பி. வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரர் எடை போட்டுத்தான் எடுப்பார். இப்போது மூன்று வழி. கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடம் மாதிரி இடங்களில் இருக்கும் கடைகள்: தாங்கள் விற்கப்போகும் விலையில் மூன்றிலொன்றிலிருந்து பாதிவரை கொடுத்தால் நியாயம், தமிழ்த் தட்டு என்றால் எடுக்கவே தயங்குவார்கள். அடுத்தது பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையதளம்: உடனே பேச்சு வரும், பேரமும் வரும், நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவரும் உண்டு. மூன்றாவது இசைத்தட்டுகளுக்கான டிஸ்காக்ஸ் இணையதளம்: உலகம் முழுக்க வாங்குபவர்கள், பழைய விற்பனை விலையையும் காட்டும், ஆனால் அஞ்சல் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடலாம்.

எங்கே போட்டாலும் உறையில் உள்ள கேட்டலாக் எண்ணை எழுதுங்கள். விளக்கைச் சாய்வாகக் காட்டி, கீறல் தெரியும்படி படம் எடுங்கள். போட்டுக் கேட்காமல் 'புதுசு மாதிரி' என்று எழுதாதீர்கள். நாலு வெள்ளி கூடக் கிடைக்கும், அப்புறம் சண்டை வரும்.

பீஷானிலிருந்து: அப்பாவின் பெட்டியில் மலாய், ஆங்கிலச் சின்னத் தட்டுகளும் கலந்து கிடக்கின்றன. யார் என்றே தெரியாத உள்ளூர்ப் பையன்கள் கிட்டாரோடு நிற்கும் படங்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயோ, நிறுத்துங்கள்! அறுபதுகளில் சிங்கப்பூரில் இசைக்குழு இல்லாத பேட்டையே இல்லை என்று சொல்லலாம். தி குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷாண்டி' 1964இல் இங்கே சக்கைப்போடு போட்டது. மலாயில் 'பாப் யே யே' என்று ஓர் அலையே அடித்தது. குறைவாக அச்சான அந்த 7 அங்குலத் தட்டுகளை ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தேடுகிறார்கள். உங்கள் தமிழ்த் தட்டுகள் அத்தனையும் சேர்ந்து பெறாத விலையை இவற்றில் ஒன்று பெறலாம். படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இங்கேயே பதிவான தமிழ்த் தட்டு ஏதாவது கிடைத்தால் விற்பதற்கு முன் தேசிய நூலகத்தைக் கேளுங்கள். எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள், ஆனால் அதைப் பார்ப்பார்கள்.

செங்காங்கிலிருந்து: எல்லாப் பாட்டும்தான் போனில் இருக்கிறதே. டிஜிட்டலாக மாற்றிவிட்டு எங்கள் வீட்டு 300 எல்.பி.யையும் விற்றால் என்ன?

கணக்குப் போடுங்கள். ஓர் எல்.பி. ஓட 40 நிமிடம், 300க்கு 200 மணி நேரம். சுத்தம் செய்வது, பாட்டு பாட்டாகப் பிரிப்பது தனி. போனில் தேடிப் பாருங்கள், கிடைக்காததை மட்டும் மாற்றுங்கள். முக்கியமாகக் கதைவசனத் தட்டுகள், நாடகங்கள், பேரில்லாத பக்திப் பாடல்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: என் பிரச்சினை வேறு. வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்!

அக்கா, அவரை நிறுத்த என்னால் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி போட்டுக் கொடுத்து, விலை பெறும் தட்டுகள் எவை, கடைசி விலை என்ன, யாரை அழைத்தால் வாங்குவார் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். சீட்டை உறைக்குள் போடுங்கள். மேலே ஒட்டினால் பசை உறையைக் கெடுக்கும், அதற்கும் அவர் சண்டைக்கு வருவார்.