பெரிய நாயின் தேய்ந்த இடுப்பு: மூட்டு மாற்றலாமா, காத்திருக்கலாமா?

நாய்களின் எலும்பு, மூட்டு அறுவைதான் என் அன்றாட வேலை. இடுப்பு மூட்டு மாற்று, அதாவது தேய்ந்த இடுப்புப் பந்தையும் அது பொருந்தும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கையானதை வைப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மற்ற நோய்களைப் பற்றிய கேள்விகளை உங்கள் ஊர் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 4 வயது, 41 கிலோ. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பும் மோசம் என்கிறார்கள். ஆனால் பந்து எறிந்தால் ஓடுகிறான். மூட்டு மாற்றியே ஆகவேண்டுமா?

அறுவையை முடிவு செய்ய வேண்டியது நாயைப் பார்த்து, எக்ஸ்ரே படத்தை மட்டும் பார்த்து அல்ல. படம் படுமோசமாக இருந்தும் நிம்மதியாக நடமாடும் நாய்கள் உண்டு. படத்தில் கொஞ்சம்தான் தேய்மானம், ஆனால் ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கும் நாய்களும் உண்டு. பந்தைக் கண்டால் வலியை மறந்து ஓடுவது லேப்ரடாரின் சுபாவம், அதை வைத்து எடைபோடாதீர்கள். காலையில் எழுந்திருக்கும்போது பாருங்கள். முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுகிறானா? படிக்கட்டு முன்னால் தயங்குகிறானா? ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் முயல் மாதிரி சேர்த்துத் தூக்கிப் போடுகிறானா?

அப்புறம், 41 கிலோ. ஆண் லேப்ரடாருக்குப் பொதுவாக 29 முதல் 36 கிலோ போதும். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25% குறைவாக ஆயுள் முழுக்கச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இடுப்புத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். எடையைக் குறைத்து, நாய்க்கான வலி மருந்தோடு அளவான நடையும் நீச்சலுமாக மூன்று மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் வலி தொடர்ந்தால் மூட்டு மாற்றுக்குத் தயங்காதீர்கள். தொடைச் சதை கரைந்து போகும்வரை காத்திருப்பதும் தவறு.

கேள்வி: ராட்வீலர், 6 வயது. பத்து நாளாக இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றுவதே இல்லை. இடுப்புத் தேய்மானம் என்று மாற்று மூட்டுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

தேதியைத் தள்ளிப் போடுங்கள். இடுப்புத் தேய்மானம் மெதுவாக வரும். திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டால் முதலில் முழங்காலைப் பார்க்க வேண்டும். இப்படித்தான் ஒரு பெண் ராட்வீலர் என்னிடம் இடுப்பு அறுவைக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டாள். மயக்கம் கொடுத்து முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன். கீழ்க்கால் எலும்பு மேசை இழுப்பறை மாதிரி முன்னே நகர்ந்து வந்தது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் சவ்வு அறுந்திருந்தது. முழங்காலைச் சரிசெய்ததும் நடந்தாள், இடுப்பை நான் தொடவே இல்லை. முழங்காலைச் சோதிக்காமல் இடுப்பைத் திறக்க யாருக்கும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: வலிக்கு நாங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. டைக்ளோபினாக், ஐபுபுரோபென், பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமோ கல்லீரலோ கெடும். நாய்க்கென்று கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மருந்து இருக்கிறது.

கேள்வி: ஜெர்மன் ஷெப்பர்ட், 9 வயது. பின்னங்காலை இழுத்து நடக்கிறது, நகம் தேய்ந்து ரத்தம் வருகிறது. தொட்டால் வலியே இல்லை.

வலி இல்லாமல் நகம் தேய இழுத்தால் தண்டுவடத்தைச் சந்தேகியுங்கள். இந்த இனத்தில் அது அதிகம். நரம்புப் பரிசோதனைதான் முதலில். தண்டுவட நோய் இருக்கும்போது மூட்டை மாற்றுவதால் பயன் இல்லை.

கேள்வி: எங்கள் 36 கிலோ நாய்க்குத் தொடை எலும்பின் பந்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஒரு வருடமாக நன்றாக ஓடுகிறான். லட்சக்கணக்கில் செலவழித்து மாற்று மூட்டு எதற்கு?

உங்கள் நாய் ஓடுவதில் எனக்கும் சந்தோஷம். அந்த அறுவை ஏமாற்று வேலை இல்லை. பந்து போனதும் எலும்போடு எலும்பு உரசுவது நிற்கும், அந்த இடத்தில் நார்த்திசு சேர்ந்து ஒரு பொய் மூட்டு உருவாகும். சின்ன நாய்க்கு அது அருமையாக வேலை செய்யும். 36 கிலோவைச் சதை மட்டும் தாங்க வேண்டும் என்னும்போதுதான் பலன் நாய்க்கு நாய் மாறுகிறது. இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து பாருங்கள்.

அதே வாசகர்: அளந்தேன். அந்தப் பக்கம் 4 செ.மீ. குறைவு. ஆனாலும் வலி இல்லையே!

வலி போனது பெரிய விஷயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலில் அவன் முழு பாரத்தைப் போடவில்லை, மற்ற காலில் ஓடுகிறான் என்பதை அந்த 4 செ.மீ. காட்டுகிறது. மேட்டுப் பாதையில் மெதுவாக நடக்க விடுங்கள், நீந்த வையுங்கள். சதை இன்னும் ஏறும்.

இன்னொருவர்: அப்படியானால் காசு இருப்பவன் நாய்க்குத்தான் நல்ல கால் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை ஐயா. பணமில்லை, தோலில் ஆறாத புண் இருக்கிறது, மூன்று மாதம் நாயை அடைத்து வைக்க வீட்டில் ஆள் இல்லை என்றால், வெட்டி எடுப்பதை நானே சொல்வேன். தோல், பல், சிறுநீர் என்று எங்கே கிருமி இருந்தாலும் மாற்று மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். செயற்கைப் பந்து கிண்ணத்திலிருந்து நழுவலாம், தொடை எலும்பு விரிசல் விடலாம். இதெல்லாம் சொல்லாமல் கத்தி எடுப்பவரை நம்பாதீர்கள். ஒரே ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். மாற்று மூட்டு தோற்றால் அதைக் கழற்றிவிட்டு வெட்டிய நிலைக்கு வரலாம். வெட்டிய பிறகு மாற்று மூட்டுக்குத் திரும்புவது மிகக் கடினம். கைக்கு எட்டும் என்றால் அதனால்தான் முதலில் மாற்று மூட்டை யோசியுங்கள் என்கிறேன்.

கேள்வி: 5 மாத லேப்ரடார் குட்டி, இடுப்பு தளர்வாம். கால்சியம் கொடுக்கிறோம்.

இன்றே நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் எலும்பைக் கெடுக்கும், குட்டிக்கான நல்ல தீனியிலேயே தேவையானது இருக்கிறது. தேய்மானம் தொடங்காத குட்டிக்கு இடுப்புக் கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் அறுவை உண்டு. அதற்கான காலம் ஏறக்குறைய 5 முதல் 10 மாதம். எனவே இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் லேப்ரடார் 46 கிலோ. அறுவை வேண்டுமா?

முதல் பதிலைப் படியுங்கள். எடை.

கேள்வி: கோல்டன் ரிட்ரீவர், 44 கிலோ. மனிதர்களுக்கான வலி மாத்திரை...

கொடுக்காதீர்கள். எடையையும் குறையுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மாற்று மூட்டு அறுவை. இரண்டு பக்கமும் செய்ய வேண்டுமா? வீட்டில் என்ன ஏற்பாடு?

மோசமான பக்கத்தை முதலில் செய்வார்கள். பல நாய்களுக்கு அது ஒன்றே போதுமானதாகிவிடும், இரண்டாவதைப் பிறகு முடிவு செய்யலாம். டைல்ஸ் தரையில் இப்போதே ரப்பர் பாய் விரித்துவிடுங்கள், ஒரு சறுக்கலில் பந்து நழுவிவிடும். வெளியே கூட்டிப் போகும்போது அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் கயிறு இல்லாமல் ஒரு அடி கூடக் கூடாது. சோபா, படிக்கட்டு, மற்ற நாயோடு விளையாட்டு எதுவும் வேண்டாம். மூன்றாவது வாரத்தில் வலி போய்த் துள்ள ஆரம்பிப்பான், அப்போதுதான் வீட்டில் எல்லோரும் கயிற்றை விடுவார்கள். விடாதீர்கள்.