பாதி நாள் பஸ், பாதி நாள் படகு: கேட்டவையும் சொன்னவையும்

பஸ்ஸும் படகுமாக ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பல ஆண்டுகள் பயணக் குழுக்களை அழைத்துப் போனவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பஸ் ஏறி அரை மணி நேரத்தில் எனக்குக் குமட்டத் தொடங்கிவிடும். படகு வேறு. வராமலே இருந்துவிடட்டுமா?

வாருங்கள். உடல் ஆடுவதை உள்காது உணர்கிறது. முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கோ எதுவும் அசையவில்லை. இந்த இழுபறிதான் குமட்டலாக வருகிறது. பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும். படகில் எல்லோரும் முன்முனைக்கு ஓடுவார்கள். அலையில் அதிகம் ஏறி இறங்குவதும் அதே முனைதான். நீங்கள் நடுப்பகுதியில், காற்றுப் படும் இடத்தில் இருந்து அடிவானத்தைப் பாருங்கள். கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

டைமென்ஹைட்ரினேட் போன்ற குமட்டல் தடுப்பு மாத்திரையைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பெரிய பயனில்லை. கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும், அன்று வண்டி ஓட்டாதீர்கள். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் ஆகாது.

ஒன்றரை வயதுப் பெண், ஏழு வயதுப் பையன். சின்னவளை நினைத்துத்தான் கவலை.

குமட்டலைப் பொறுத்தவரை பெரியவனைக் கவனியுங்கள். 2 வயதுக்குள் அது அரிது. 2 முதல் 12 வரைதான் அதிகம். சின்னவளுக்கு உயிர்காப்புச் சட்டைதான் கேள்வி. அவள் எடைக்கு ஏற்றது இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அளவு பெரிது.

கழிப்பறைக்குப் பயந்து அம்மா தண்ணீரே குடிக்க மாட்டார்.

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். ஒரேயடியாகக் குடிக்காமல் அவ்வப்போது கொஞ்சம் குடிக்கச் சொல்லுங்கள். நிறுத்தும் இடம்தோறும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், போய்வரட்டும். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் கால் வீக்கம் குறையும்.

பையைப் பஸ்ஸிலேயே வைத்துவிட்டுப் படகு ஏறலாமா?

பெரிய பையை வைக்கலாம். ஆனால் உங்களை இறக்கிவிட்டதும் பஸ் வேறு எங்கோ போய் நிற்கும். நினைத்தபோது திறக்க முடியாது. மருந்து, தண்ணீர், தொப்பி, வெயில் களிம்பு, காற்று புகாத மேற்சட்டை ஆகியவை கையோடு வரவேண்டும். களிம்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சுடும்.

கரையில் வியர்த்துக் கொட்டியதால் மேற்சட்டையைச் சீட்டிலேயே விட்டு வந்தார் ஒருவர். படகு வேகமெடுத்த பத்தாவது நிமிடத்தில் என் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மீதி இரண்டு மணி நேரம் நடுங்கியது நான்.