எடின்பரோவில் முதல் மாதம்: மலைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

நான் கோத்தகிரிக்காரி. கல்லூரிப் படிப்பின் நடுவே ஒரு வருடம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்துவிட்டு வந்தேன். வருகிற செப்டம்பரில் அதே ஊருக்குக் கிளம்பும் நம் மலைப் பிள்ளைகள் சிலர் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

குன்னூர்: அக்கா, போய் இறங்கினதும் முதல் வாரம் எதையெல்லாம் பார்க்கணும்?

முதல் வாரம் எதையும் பார்க்க வேண்டாம் தம்பி, நடந்தால் போதும். வேவர்லி ரயில் நிலையம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அதற்குத் தெற்கே மேட்டின் மேல் பழைய நகரம். வடக்கே 18ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டுக் கட்டிய புதிய நகரம், தெருவெல்லாம் நேர்க்கோடு. இரண்டையும் சேர்த்து 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கே வழி தவறினாலும் பழைய நகரத்து மேட்டில் நிற்கும் எடின்பரோ கோட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள், பாதிக் கவலை போய்விடும்.

பழைய நகரத்தில் மட்டும் போன் மேப்பை முழுசாக நம்பாதீர்கள். முதல் வாரம் ஒரு கடையைத் தேடிப் போனேன். வந்து சேர்ந்துவிட்டாய் என்றது போன். கடையைக் காணோம். அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தால், கடைப் பலகை என் காலுக்குக் கீழே, நாலு மாடி ஆழத்தில் இருந்தது! நான் நின்றது ஜார்ஜ் தி ஃபோர்த் பாலம், கீழே ஓடுவது கவ்கேட் தெரு. மேப்பில் இரண்டும் வெட்டிக்கொள்ளும், நேரில் ஒன்றின் மேல் ஒன்று. பெட்போர்டிலிருந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் பழகிய உங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ‘க்ளோஸ்’ என்று பலகை போட்ட குறுகலான சந்துகள் பெரிய தெருவிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கும். பகலில் ஒவ்வொன்றாக இறங்கிப் பாருங்கள்.

கூடலூர்: பஸ் செலவு அதிகமா?

22 வயது ஆகாதவரா? அப்படியென்றால் ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து பஸ் இலவசம். அதற்கான அட்டைக்கு முதல் வாரமே விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம். காசாகக் கொடுத்தால் ஊருக்குள் ஓடும் லோதியன் நிறுவன பஸ்ஸில் சில்லறை திரும்பி வராது. நிறுத்தத்தில் கை காட்டினால்தான் பஸ் நிற்கும். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வது அங்கே வழக்கம், விட்டுவிடாதீர்கள். மாடி பஸ்ஸில் மேலே முன் சீட் கிடைத்தால் போர்ட்டோபெல்லோ கடற்கரை வரை ஒரு தடவை போய் வாருங்கள்.

ஊட்டி: நமக்குப் பழகாத குளிரா? ஸ்வெட்டர் போதாதா?

குளிரைவிடக் காற்றும் இருட்டும்தான் பாடாய்ப் படுத்தும். ஊட்டியில் உறைபனி விழுந்த நாளிலும் பத்து மணிக்கு வெயில் முதுகைச் சுடும். அங்கே டிசம்பரில் சூரியன் எட்டே முக்காலுக்கு வந்து, மூன்றே முக்காலுக்குப் போய்விடும், நடுவிலும் மேலே ஏறாது. குடை பிரயோஜனமில்லை, காற்று திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். கடலிலிருந்து ‘ஹார்’ என்று ஒரு மூடுபனி வரும். கோடநாட்டில் நின்றுகொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கு காணாமல் போகுமே, அதே மாதிரி. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு ஊர் நினைப்பு தாங்க முடியவில்லை.

கோத்தகிரி: தனியாகச் சுற்றப் பயமாக இருக்கு அக்கா.

எனக்கும் இருந்தது. அக்டோபரில் மூன்று வாரம் வகுப்பு, அறை என்றே கிடந்தேன். அப்புறம் ஒரு முடிவு எடுத்தேன்: சனிக்கிழமை காலை எது எப்படி இருந்தாலும் தாவரவியல் பூங்காவுக்கு நடப்பது. ராயல் பொட்டானிக் கார்டனில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரே வழி, ஒரே டீக்கடை. நாலாவது வாரம் கடைக்காரப் பெண் நான் கேட்காமலே டீ போட ஆரம்பித்தார்.

அந்தப் பூங்காவுக்கும் நம் மலைக்கும் சம்பந்தம் உண்டு. 1796இல் எடின்பரோவுக்குப் பக்கத்தில் பிறந்த ராபர்ட் வைட், அங்கேயே மருத்துவம் படித்து, 1819இல் சென்னை வந்து, நீலகிரிச் செடிகளையும் ஆராய்ந்தவர். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று வைத்தார் வைட். அவர்கள் கைப்பட வரைந்த படங்கள் அந்தப் பூங்காவின் சேகரிப்பில் இருக்கின்றன. வசந்தத்தில் ரோடோடென்ட்ரான் பூக்கும்போது போங்கள். தொட்டபெட்டா பக்கத்தில் சிவப்பாகப் பூக்குமே, அதன் உறவுக்காரச் செடிகள் வரிசையாக நிற்கும்.

இருட்டிய பிறகு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெரிய தெருவிலேயே போங்கள். அவசரத்துக்கு 999.

குன்னூர்: ஊருக்குள்ளே இருக்கிற ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறலாமா?

கட்டாயம். 251 மீட்டர்தான், 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைப் பார்த்தவர்களுக்கு மேடு மாதிரித்தான் தெரியும். ஆனால் அது அணைந்த எரிமலை, உச்சிப் பாறை தேய்ந்து வழுக்கும், காற்று ஆளைத் தள்ளும். பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

ஊட்டி: அம்மா வர்க்கி கட்டிக் கொடுக்கிறாங்க, கூடவே நெய்யும்.

வர்க்கியை டப்பாவில் அடைத்துக் கொண்டுபோங்கள், பொட்டலத்தில் நொறுங்கிவிடும். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. அரிசி, பருப்பு அங்கேயே கிடைக்கும்.

கூடலூர்: மதியம் பீரங்கி வெடிப்பாங்களாமே?

ஆமாம், ஞாயிறு தவிர அநேகமாக எல்லா நாளும், சரியாக ஒரு மணிக்கு, கோட்டையிலிருந்து. கடலில் இருக்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரி பார்ப்பதற்காக 1861இல் தொடங்கியது. முதல் நாள் பிரின்சஸ் தெருவில் நான் அலறிவிட்டேன். பக்கத்தில் போன பெரியவர் நடையை நிறுத்தாமல் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். மார்ச் மாதம் ஒரு மதியம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது, நானும் ஓடியபடியே மணி பார்த்தேன்.