ரோட்டன்பூர்க்குக்கு ஒரு நாள்: கேள்வி பதில்

பவேரியாவில், டவ்பர் ஆற்றுக்கு மேலே மதில் சூழ்ந்து நிற்கும் ஊர் ரோட்டன்பூர்க். கூட்டமாகப் போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, நூரம்பெர்க்கிலிருந்து சனிக்கிழமை 12 பேர் கிளம்புகிறோம். ரயிலா, வேனா?

ரயில்தான் தம்பி. பவேரியா முழுவதும் உள்ளூர் ரயில்களில் செல்லும் ஒரு நாள் சீட்டு பயர்ன் டிக்கெட், ஒன்றில் 5 பேர் வரை போகலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் வைத்திருப்பவர்களைக் கழித்துவிட்டு மீதிப் பேருக்கு மட்டும் வாங்குங்கள். பயணிப்பவர்களின் பெயர் டிக்கெட்டில் இருக்க வேண்டும். காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பது வார நாட்களுக்கு மட்டும். சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பலாம். ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள், அதில் இது செல்லாது.

அன்ஸ்பாக் வழியாக வந்து ஷ்டைனாக்கில் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அங்கிருந்து கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்த வண்டி மணிக்கு ஒன்றுதான் என்பதால், இறங்கியதும் தலையை எண்ணிவிடுங்கள்.

அதே நாளில் வூர்ட்ஸ்பூர்கையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். மத்தியானம் சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவந்து இறக்கும் கூட்டத்தில் தெரு இரண்டாகப் பிரியும் பிரபலமான ப்ளோன்லைன் முனையில் நின்று படம்கூட ஒழுங்காக எடுக்க முடியாது. சாயங்காலம் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் அந்தத் தெருக்களில் நிதானமாக நடக்கலாம். இரண்டு ஊர் என்று வைத்துக்கொண்டால் நல்ல நேரம் முழுவதும் ரயிலில் போய்விடும்.

அம்மாவுக்கு முட்டி வலி. மதில் மேல் ஏற முடியுமா?

மதிலுக்குக் கட்டணம் இல்லை, மேலே ஓட்டுக் கூரையும் உண்டு. ஆனால் ஏறும் கல்படிகள் செங்குத்தானவை, நடைபாதையும் குறுகல். நகர மண்டபக் கோபுரத்துக்கு 220 படி, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அம்மாவைப் பூர்க்கார்டன் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்த கோட்டை 1356 நிலநடுக்கத்தில் இடிந்த பிறகு இப்போது மரங்களும் பெஞ்சுகளும்தான். பள்ளத்தாக்கு முழுவதும் அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். தெருவெல்லாம் கல் பாவியது, அதனால் நல்ல ஷூ முக்கியம்.

இது நிஜமாகவே பழைய ஊரா? போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது என்கிறார்களே?

இரண்டும் சரி. 1274-இல் பேரரசரின் நேரடி ஆளுகைக்குள் வந்த சுதந்திர நகரம் இது. 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போருக்குப் பிறகு நொடித்துப் போனது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால்தான் பழைய வீடுகள் அப்படியே நின்றன. இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் கிழக்குப் பகுதி எரிந்துபோனது. மீதி தப்பியதற்கு ஒரு காரணம், ஊரைப் பீரங்கியால் தாக்க வேண்டாம் என்று தலையிட்ட அமெரிக்கப் போர்த்துறை அதிகாரி ஜான் மெக்ளாய்.

மதிலின் உட்பக்கம் நடக்கும்போது கல்லில் பெயர்கள் பொறித்திருப்பதைப் பாருங்கள். இடிந்த மதிலைக் கட்ட உலகம் முழுவதிலுமிருந்து பணம் கொடுத்தவர்கள் அவர்கள். ஜப்பானியப் பெயர்களும் நிறைய.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். நாஜிகள் இதை முன்மாதிரி ஜெர்மன் ஊர் என்று கொண்டாடினார்கள். இங்கிருந்த யூதர்கள் 1938-லேயே விரட்டப்பட்டார்கள். யூடன்காஸே, அதாவது யூதர் தெரு, இன்றும் இருக்கிறது. அழகான வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாகோபு தேவாலயத்துக்குள் போகக் கட்டணமாமே, அவசியமா?

மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மேற்கே, மாடிப்படி ஏறினால் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரின் திரு இரத்த பலிபீடம். 1500-களின் தொடக்கத்தில் லிண்டன் மரத்தில் செதுக்கியது, வண்ணம் பூசாதது. இறுதி இராவுணவுக் காட்சியில் நடுவில் இருப்பது இயேசு அல்ல, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். கையில் பணப்பையோடு நிற்கிறான், இயேசு அவனிடம் அப்பத்தை நீட்டுகிறார். சிற்பங்களுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். வெளிச்சம் மாற மாற முகங்களும் மாறும். பத்து நிமிடமாவது நில்லுங்கள். 12 பேரும் ஒன்றாக நுழையாமல் மூன்று நான்கு பேராகப் போனால் நன்றாகப் பார்க்கலாம்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஷ்னேபாலன் என்ற அந்த ஊர்ப் பலகாரம் சாப்பிடலாமா?

முடியாது. மாவில் முட்டை உண்டு, சில கடைகளில் சாராயமும் சேர்ப்பார்கள். மாவை நாடாவாக வெட்டி, உருட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவுவது அது. மற்றவர்கள் இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால் போதும், பெரிது. ஞாயிற்றுக்கிழமை போனால் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், கட்டுச்சாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவுக் காவலரோடு நடக்கும் சுற்றுலாவுக்கு இருக்கலாமா?

இருந்தால் நல்லது. பழங்கால இரவுக் காவலர் வேடத்தில் வழிகாட்டி ஒருவர் கறுப்பு அங்கி, விளக்கோடு வருவார். சந்தைச் சதுக்கத்தில் இரவு 8 மணிக்கு ஆங்கிலத்தில் தொடங்கும், சுமார் ஒரு மணி நேரம். எல்லா மாதமும் நடக்காது, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ரயில் நேரத்தையும் ஷ்டைனாக் இணைப்போடு சேர்த்துக் காலையிலேயே குறித்துவைத்துவிடுங்கள். சதுக்கத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு 12 பேர் நடக்க இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.